மூளைக் கட்டி, முதுகுத்தண்டுக் கட்டி... ஒரு டாக்டர் போதாதா? 'டியூமர் போர்டு' ஏன் தேவை?

கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணைத் தண்ணீர் பெங்களூரு பக்கம் இருந்து வருகிறது. அணையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வேலைக்கும் வைத்தியத்துக்கும் அதே பெங்களூரு பக்கம் போகிறார்கள். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நீளும் அந்த ஓசூர் சாலையில்தான் நரம்பியலுக்குப் பெயர் பெற்ற நிமான்ஸ் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. டிராஃபிக் இல்லாவிட்டால் ஓசூரில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர்.

அதனால் ஓசூர்வாசிகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி தூரமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "ஸ்கேன்ல கட்டின்னு வந்திருக்கு, எந்த டாக்டரைப் பார்க்கலாம்?" என்பதுதான் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி. தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்ப்பதிலேயே வாரங்கள் ஓடிவிடும். மூளை, முதுகுத்தண்டுக் கட்டிகளைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் மாறுகிறது: எந்த டாக்டர் என்பதைவிட, எந்த டீம்?

டியூமர் போர்டு என்றால் என்ன?

ஒரு நோயாளியின் சிகிச்சையைப் பல துறை நிபுணர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யும் கூட்டம்தான் டியூமர் போர்டு. பெரிய மையங்களில் பெரும்பாலும் வாரம் ஒருமுறை நடக்கும். ஸ்கேன் படங்கள் திரையில் ஓடும். பயாப்ஸி செய்திருந்தால் அதன் முடிவும் வரும். ஆபரேஷனா, கதிர்வீச்சா, கீமோவா, எது முதலில், எது வேண்டவே வேண்டாம் என்று பேசி, ஒரு பரிந்துரையை எழுதி வைப்பார்கள். அதன் பிறகு ஒரு டாக்டர் அதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்குவார். கடைசி முடிவு நோயாளியுடையது.

இங்கிலாந்தில் புற்றுநோய் சிகிச்சையை இப்படி டீம் முறைக்கு மாற்ற வேண்டும் என்று 1995-ல் வந்த கால்மன்-ஹைன் அறிக்கை பரிந்துரைத்தது. மூளை மற்றும் நரம்பு மண்டலக் கட்டிகளுக்கென்று தனி வழிகாட்டுதலை அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2006-ல் வெளியிட்டது. இந்தியாவில் 2012-ல் தொடங்கப்பட்ட தேசிய புற்றுநோய் கிரிட், நாடு முழுவதும் உள்ள புற்றுநோய் மையங்களை இணைத்து, ஒரே மாதிரியான சிகிச்சை நெறிமுறைகளைக் கொண்டுவர முயல்கிறது.

ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா போதாதா?

'கட்டி' என்ற ஒரே வார்த்தைதான் இங்கே பெரிய குழப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி மூளை, தண்டுவடக் கட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் பல புற்றுநோயே இல்லை. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. நான்கு உதாரணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, மூளையின் மேலுறையில் வளரும் மெனிஞ்சியோமா. பெரும்பாலும் சாதுவானது. சிறியதாக, தொந்தரவு தராமல் இருந்தால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும். கத்தியே வேண்டியிருக்காது.

இரண்டு, பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரோலாக்டினோமா. ஸ்கேனில் பெரிய கட்டியாகத் தெரியும். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் ஹார்மோன் மிக அதிகமாக இருந்தால் கதையே மாறும். பலருக்கு மாத்திரையிலேயே கட்டி சுருங்கிவிடும். அந்த டெஸ்ட்டை எழுதச் சொல்ல, டீமில் ஹார்மோன் நிபுணர் வேண்டும்.

மூன்று, மூளையில் வரும் லிம்ஃபோமா. இதற்கு முக்கிய சிகிச்சை கீமோ. முழுவதையும் வெட்டி எடுப்பதில் பெரிய பலன் இல்லை. வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுத்தால் இந்தக் கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும். அதன்பின் பயாப்ஸி எடுத்தால் என்ன நோய் என்றே சொல்ல முடியாமல் போகலாம். ஸ்கேனைப் பார்த்ததும் 'இது லிம்ஃபோமாவாக இருக்கலாம், உயிருக்கு அவசரம் இல்லையென்றால் ஸ்டீராய்டை நிறுத்தி வையுங்கள்' என்று ஒரு ரேடியாலஜிஸ்ட் முன்கூட்டியே சொன்னால், நோயாளிக்கு இரண்டாவது பயாப்ஸி மிச்சமாகும்.

நான்கு, கட்டி மாதிரியே தெரியும், ஆனால் புற்றுநோய் இல்லாதவை. நம் நாட்டில் காசநோயால் மூளையில் வரும் டியூபர்குளோமாவும், நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டிகளும் சகஜம். இவற்றில் பெரும்பாலானவை மருந்தில் குணமாகும்.

நான்கு பேருக்கும் முதலில் கையில் கிடைப்பது 'மூளையில் கட்டி' என்ற அதே ஒற்றை வரி ரிப்போர்ட்தான். ஒரே ஒரு துறையின் கண்ணால் பார்த்தால், அந்தத் துறையிடம் இருக்கும் சிகிச்சைதான் முதலில் தோன்றும். டீம் கூடுவதற்கான அடிப்படைக் காரணம் இதுதான்.

டீமில் யார் யார் இருப்பார்கள்?

நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்: கட்டியை எடுக்க முடியுமா, எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்பவர்.

ரேடியாலஜிஸ்ட்: எம்.ஆர்.ஐ. படத்தைப் படித்து, இது எந்த வகையாக இருக்கலாம், எந்த முக்கியப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கணிப்பவர்.

நோய்க்குறியியல் நிபுணர், அதாவது பேத்தாலஜிஸ்ட்: திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பெயர் வைப்பவர். இப்போது மைக்ரோஸ்கோப் மட்டும் போதாது. ஐ.டி.எச். மரபணு மாற்றம், எம்.ஜி.எம்.டி. போன்ற மூலக்கூறு சோதனைகளும் சேர்ந்தால்தான் சில கட்டிகளுக்குச் சரியான பெயரும் சிகிச்சையும் கிடைக்கும்.

கதிர்வீச்சு சிகிச்சை நிபுணரும் கீமோ கொடுக்கும் புற்றுநோய் மருத்துவரும்: ஆபரேஷனுக்குப் பின் எப்போது, எவ்வளவு என்று திட்டமிடுபவர்கள். ஆபரேஷனுக்கு முன்பே இவர்கள் படத்தைப் பார்த்திருப்பது நல்லது.

நரம்பியல் மருத்துவர்: ஃபிட்ஸ் எனப்படும் வலிப்பைக் கட்டுப்படுத்துபவர். சிப்காட்டில் மெஷினில் நிற்பவருக்கும், நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் இவர் ரொம்ப முக்கியம். தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும். பைக் ஓட்டலாமா, எப்போது வேலைக்குத் திரும்பலாம், என்ன வேலை பார்க்கலாம் என்பதற்கான பதில் இவரிடம் இருக்கும்.

பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர், மருத்துவ சமூகப் பணியாளர், வலி மற்றும் ஆதரவு சிகிச்சை மருத்துவர்: பெயர்ப்பலகையில் பெரிதாகத் தெரியாதவர்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகான வாழ்க்கை இவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஒருங்கிணைக்கும் நர்ஸ்: "அடுத்து எங்கே போகணும், யாரைப் பார்க்கணும்?" என்று கேட்க ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நம்பர். பல குடும்பங்களுக்கு மிகப் பெரிய நிம்மதி இதுதான்.

எந்த மொழியில் பேசச் சொல்வார்கள்?

ஓசூர் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பேச்சைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு அருகே கட்டி இருந்தால், நோயாளியை விழிப்பு நிலையில் வைத்தே ஆபரேஷன் செய்யும் முறை இருக்கிறது. வலி தெரியாது. டாக்டர் ஓர் இடத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுப்பார். அப்போது படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். வார்த்தை தடுமாறினால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், வேலையில் கன்னடம் என்று மூன்று மொழி பேசுபவர்கள் இந்த எல்லைப் பகுதியில் நிறைய பேர். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவரின் மூளையில் எல்லா மொழிக்கும் ஒரே இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மொழி தடுமாறும் இடத்தில் இன்னொன்று தடுமாறாமல் இருக்கலாம். அதனால் நோயாளி எந்தெந்த மொழியில் வாழ்கிறார் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும். டாக்டருக்குத் தமிழ் தெரியவில்லை என்ற கூச்சத்தில் "எல்லாம் ஓகே" என்று தலையாட்டி விட்டுவிடக் கூடாத இடம் இது.

முதுகுத்தண்டில் மணி நேரக் கணக்கு

மூளைக் கட்டிகள் பலவற்றில் யோசிக்க நாள்கள் கிடைக்கும். முதுகுத்தண்டில் சில நேரம் மணி நேரங்கள்தான் கிடைக்கும்.

தண்டுவடக் கட்டிகளை மூன்றாகப் பிரிக்கலாம். தண்டுவட உறைக்கு வெளியே எலும்புப் பகுதியில் வருபவை, உறைக்குள் ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே வருபவை, தண்டுவடத்துக்குள்ளேயே வருபவை. நடுவில் உள்ள வகையில் ஷ்வானோமா, மெனிஞ்சியோமா அதிகம். முழுதாக எடுத்துவிட்டால் பலர் பழையபடி நடமாடுவார்கள். முதல் வகையில் பெரும்பாலானவை மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற வேறு இடத்துப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியவை. எலும்பு நொறுங்கியோ, கட்டி பெருத்தோ தண்டுவடத்தை நசுக்கினால் கால் செயலிழக்கும்.

இங்கே டீமின் பலனை ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவில் பாட்செல் குழுவினர் 101 நோயாளிகளிடம் நடத்தி, 2005-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேரால் சிகிச்சைக்குப் பின் நடக்க முடிந்தது. முதலில் ஆபரேஷனும் பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 84 சதவீதம். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. எத்தனை இடத்தில் நசுங்கியுள்ளது, உடல் ஆபரேஷனைத் தாங்குமா, எந்த வகைப் புற்றுநோய் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க அறுவை சிகிச்சை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் அன்றே பேசிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

இங்கிலாந்தின் வழிகாட்டுதல், இப்படிச் சந்தேகம் வந்து கால் பலவீனம் போன்ற அறிகுறிகளும் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: படுத்தால் அதிகமாகும் அல்லது இரவில் எழுப்பும் முதுகுவலி, கால்களில் மரமரப்பு, படி ஏறும்போது கால் மடங்குவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போவது. ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவருக்கு இவற்றில் எது வந்தாலும் "பஸ்ல உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி" என்று தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. அதேபோல முதல்முறையாக வலிப்பு, திடீர் பேச்சுக் குழறல், வாந்தியோடு நாளுக்கு நாள் கூடும் காலைத் தலைவலி, ஒரு பக்கக் கை கால் பலவீனம் ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். அவசரத்துக்கு 108.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

நரம்பியல் அறுவை சிகிச்சையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி-யில் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி அந்தப் பணியைத் தொடங்கினார். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எதுவும் இல்லாத காலம் அது.

அன்று ஒரு சர்ஜன் கையில் எடுத்தால் அவரே எல்லாம். இன்று ஸ்கேன், மூலக்கூறு சோதனை, துல்லியக் கதிர்வீச்சு, புதிய மாத்திரைகள் என்று அறிவு பல கிளையாகிவிட்டது. ஒருவர் தலையில் அத்தனையும் நிற்காது.

டீம் இருந்தால் குணமாகிவிடுமா?

எல்லாவற்றுக்கும் இல்லை. கிளியோபிளாஸ்டோமா என்ற வீரியமான மூளைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 2005-ல் வெளியான ஸ்டுப் குழுவின் ஆய்வில் 573 பேர் பங்கேற்றார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதங்கள். டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதங்கள். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்தில் இருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். இன்றும் உலகம் முழுவதும் அடிப்படைச் சிகிச்சை இதுதான்.

இந்த எண்களை மறைப்பது குடும்பத்துக்கு உதவாது. கடன் வாங்கலாமா, நிலத்தை விற்கலாமா, பிள்ளையின் கல்யாணத்தை முன்னால் வைக்கலாமா என்ற முடிவுகள் எல்லாம் உண்மை தெரிந்தால்தான் சரியாக எடுக்க முடியும். வலி மற்றும் ஆதரவு சிகிச்சை மருத்துவர் முதல் நாளில் இருந்தே டீமில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். "இனி ஒண்ணும் இல்லை" என்ற பிறகு அனுப்பப்படும் இடம் அது இல்லை.

இங்கிலாந்தின் முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் 2017-ல் இந்த நோய்க்கு ஆளானார். 2018 ஜனவரியில் நாடாளுமன்ற மேலவையில் மூளைப் புற்றுநோயாளிகளுக்காகப் பேசினார். அதே ஆண்டு மே மாதம் காலமானார். அவர் பெயரில் இயங்கும் அமைப்பு, டீம் சிகிச்சையைச் சரியாகத் தரும் மருத்துவமனைகளை மதிப்பிட்டுத் தரச்சான்று கொடுக்கிறது. நோயாளி எந்த ஊரில் இருந்தாலும் ஒரே தரமான கவனிப்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

தினமும் 80 கிலோ மீட்டர்... 30 தடவை!

டீம் என்பது மருத்துவம் மட்டுமல்ல, கணக்கும்தான். கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான கதிர்வீச்சு 30 தவணை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். ஒவ்வொரு தவணையும் சில நிமிடங்கள்தான். ஆனால் ஓசூரில் இருந்து பெங்களூரு போய்வர தினமும் 80 கிலோ மீட்டர், மொத்தம் 2,400 கிலோ மீட்டர். கூட வரும் மனைவிக்கோ மகனுக்கோ ஆறு வாரச் சம்பளம் போகும்.

இதற்கும் டீமிடம் பதில் இருக்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 15 தவணையில், மூன்று வாரத்தில் முடியும் குறுகிய முறை உண்டு. அதோடு மாத்திரையும் சேரும்போது பலன் கூடுகிறது என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆபரேஷன் ஓர் இடத்திலும், கதிர்வீச்சு வீட்டுக்குப் பக்கத்திலும் வைக்க முடியுமா என்றும் கேட்கலாம். திட்டத்தை எழுதிக் கொடுத்து, இரண்டு மருத்துவமனைகளும் பேசிக்கொண்டால் இது நடக்கும். யாரும் கேட்காவிட்டால் நடக்காது.

எல்லை தாண்டினால் காப்பீடு?

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம் ரூபாய். ஆனால் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில், அங்கீகரித்த சிகிச்சைக்குத்தான் செல்லும். பெங்களூரு மருத்துவமனையில் சேரும் முன்பே 'இந்த கார்டு இங்கே செல்லுமா, இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா?' என்று அங்குள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் முடிந்தபின் கேட்டால் பயன் இருக்காது.

ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளர்கள் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. வரம்பில் வருவார்கள். சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்ட கால நோய்கள் என்று ஈ.எஸ்.ஐ. பட்டியலிட்டிருக்கும் 34 நோய்களுக்கு, அதன் பிறகும் 80 சதவீத ஊதியம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. புற்றுநோய், மண்டைக்குள் வளரும் கட்டி, தண்டுவட நசுங்கல் மூன்றுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கட்டி சாதுவானதாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று இதற்கு அர்த்தம். இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், குறைந்தது 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஒப்பந்தத் தொழிலாளியாக கம்பெனி மாறி மாறி வேலை பார்த்தவர்கள், ஒரே ஈ.எஸ்.ஐ. எண் தொடர்கிறதா என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

ஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

* ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது. படங்கள் அடங்கிய சி.டி. அல்லது பென் டிரைவ் வேண்டும். வாட்ஸ்அப்பில் எடுத்த ஃபிலிம் போட்டோவை வைத்து எந்த டீமும் முடிவு சொல்லாது.
* பயாப்ஸி ஆகியிருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடும், மெழுகு பிளாக்கும். கேட்டால் மருத்துவமனையில் கொடுப்பார்கள். இவை இருந்தால், இன்னொரு முறை திசு எடுக்காமலே மறுஆய்வு செய்யலாம்.
* ஆபரேஷன் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி.
* ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எந்த டோஸில், எந்தத் தேதியில் இருந்து என்ற குறிப்பு. ஸ்டீராய்டை நீங்களாகவே திடீரென நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் கேட்க 6 கேள்விகள்

1. இந்த கேஸ் டியூமர் போர்டில் பேசப்பட்டதா? இல்லையென்றால் பேச முடியுமா?
2. கட்டியின் முழுப் பெயர் என்ன? மூலக்கூறு சோதனை தேவையா?
3. ஆபரேஷன் இல்லாமல் கவனித்து வந்தால் என்ன ஆகும்?
4. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு, கீமோ தேவைப்பட்டால் எங்கே, எத்தனை நாள்?
5. பேச்சு, கை கால், பார்வை எதற்கு ஆபத்து அதிகம்? அதற்குப் பயிற்சி யார் தருவார்கள்?
6. ராத்திரி வலிப்பு வந்தால் எந்த நம்பருக்கு போன் செய்ய வேண்டும்?

இரண்டாவது கருத்து கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது. நல்ல டாக்டர்கள் அதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள். அவசரம் இல்லாத கட்டி என்றால் ஒரு வாரம் எடுத்துக் கேட்கலாம். கால் மரத்துப் போயிருந்தால், நினைவு மங்கினால் கேள்வியெல்லாம் அப்புறம். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.